பேட்டரி ரம்பம் மக்கர் பண்ணுதா? தூளைப் பார்த்துட்டு அப்புறம் பேட்டரிக்கு வாங்க

நெல்லைச் சீமையில் பேட்டரி செயின் ரம்பம் இப்போது இரண்டு அளவில் புழங்குகிறது. ஒன்று, ஒற்றைக் கையில் பிடிக்கிற 4 இஞ்ச், 6 இஞ்ச் குட்டி ரம்பம். முருங்கைக் கொப்பு, வேலிக்கு வெளியே நீட்டுகிற உடைமுள், பொறவாசல் மாமரம் என்று வீட்டு வேலைக்கு வாங்குவது. இன்னொன்று, இரண்டு கையாலும் பிடித்து ஓட்டுகிற 12 முதல் 16 இஞ்ச் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, கொண்டது. கோயில் கொடைக்குச் சமையல் விறகு போடுகிறவர்கள், காற்றில் சாய்ந்த தென்னையைத் துண்டு போடுகிறவர்கள் கையில் இருப்பது. அளவு வேறானாலும் கோளாறு ஏறக்குறைய ஒன்றுதான்.

"பேட்டரி போயிருச்சு அண்ணாச்சி, வேற பேட்டரி கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டுதான் பெரும்பாலும் ரம்பம் பழுதுக்கு வருகிறது. அது வெட்டிப்போட்ட தூளை மட்டும் யாரும் கொண்டு வருவதில்லை. அதைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். செயின் மழுங்கினால் மோட்டார் முக்குகிறது. மோட்டார் முக்கினால் பேட்டரியிலிருந்து கரண்ட் அதிகமாக இழுக்கிறது. கரண்ட் அதிகமானால் பேட்டரி சுடுகிறது, சுட்டால் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசிப் படி மட்டும், அதனால் பழி முழுவதும் பேட்டரி தலையில் விழுகிறது.

கீழே வரும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. செயினைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். பெட்ரோல் ரம்பத்தைக் கயிறு இழுத்தால்தான் எழுப்ப முடியும். இதில் பொத்தானும் விசையும் கைபட்டு அமுங்கினாலே போதும், எழும்பும். லுங்கி, தோளில் தொங்கும் துண்டு இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு, பேன்ட், ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி என்று வாருங்கள்.

"அமுக்குனா ஒண்ணுமே நடக்கல"

பேட்டரி 'டக்' என்ற சத்தத்தோடு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி உட்கார்ந்திருந்தாலும் பேட்டரியில் உள்ள விளக்கு எரியும். மோட்டாருக்குத்தான் கரண்ட் போகாது. அடுத்தது பெருவிரல் பக்கம் உள்ள பூட்டுப் பொத்தான். அதை அமுக்கிப் பிடித்த பிறகுதான் விசை உள்ளே போகும். சில மாடல்களில் தனியாக ஆன் பொத்தான் ஒன்றும் இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தால் அது தானாக அணைந்துவிடும், மறுபடி அமுக்க வேண்டும்.

பெரிய ரம்பத்தில் முன்கைக்கு எதிரே நிற்கும் காப்புத் தட்டுதான் பிரேக். அது முன்னால் சாய்ந்திருந்தால் பிரேக் விழுந்திருக்கிறது. 'டிக்' என்று பின்னால் இழுத்துவிட்டால் ஓடும். புது ஆள் கையில் ரம்பத்தைக் கொடுத்தால் "ஓடல" என்று திருப்பித் தருவது அநேகமாக இதனால்தான்.

இவை எல்லாம் சரி, விளக்கும் எரிகிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் முனைத் தகடுகளைப் பாருங்கள். பேட்டரி நுழையும் பொந்தில் மரத்தூள் அடைந்திருக்கும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் தகட்டில் பச்சை பிடித்திருக்கும். காய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிற கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒருமுறை அடித்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல் பூச்சு போய்விடும், அப்புறம் இன்னும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். தகட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. தளர்ந்த தகடு சூடேறிய அடையாளம் அது. தகட்டை மாற்றும் வரை ஓட்டாதீர்கள்.

மலிவான குட்டி ரம்பத்தில் இன்னொரு அறிகுறி உண்டு. உடம்பில் ஒரு தட்டு தட்டினால் ஓடும், விட்டால் நிற்கும், காற்றுத் துவாரத்துக்குள் நீலப்பொறி தெரியும். மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கிறது. அளவு பொருந்தினால் மிக்ஸி பழுது பார்க்கிறவரே மாற்றித் தந்துவிடுவார். பிரஷ்லெஸ் மோட்டாரில் கார்பனே கிடையாது, அங்கே இந்தத் தேடல் வேண்டாம்.

"சும்மா ஓடுது, மரத்துல வச்சதும் நின்னுருது"

அதிகமாக வரும் புகார் இதுதான். காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கையுறையோடு செயினைப் பார் மேல் இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் ஓட வேண்டும். இறுகிக்கொண்டு நகர்ந்தால் செயின் டைட்டு அதிகம், இல்லையென்றால் பாரின் விளிம்பில் செயின் ஓடும் காடியில் தூளும் எண்ணெயும் பிசினாகக் கட்டியிருக்கிறது. பாரின் நடுவில் கீழ்ப்பக்கம் செயினைப் பிடித்து இழுத்தால் கொஞ்சம் விலக வேண்டும், ஆனால் காடிக்குள் இறங்கி ஓடும் அடிக்கண்ணி அதை விட்டு வெளியே வரக்கூடாது. அதுதான் அளவு.

செயின் ஓட்டம் சரி என்றால், பல் மழுங்கலா என்று பாருங்கள். அதற்குத் தனித் தலைப்பே கீழே இருக்கிறது.

பல்லும் கூராக இருக்கிறது என்றால் அப்போதுதான் பேட்டரி. இங்கே கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் நல்லது. லித்தியம் அயான் செல் ஒன்றின் சராசரி வோல்ட் 3.6. முழு சார்ஜில் 4.2. ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. அதனால்தான் ஒரே பேட்டரியை ஒருவர் 18 என்றும் ஒருவர் 20 என்றும் இன்னொருவர் 21 என்றும் விற்கிறார்கள். ஆன்லைனில் வரும் குட்டி ரம்ப அட்டையில் 48, 88 என்று பெரிதாக எண் போட்டு, பக்கத்தில் வி.எஃப். என்று சின்னதாக இருக்கும். அது வோல்ட் அல்ல. உள்ளே பிரித்தால் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான்.

மரத்தில் வைத்ததும் நிற்பதற்கும் இந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? முக்கும் நேரத்தில் மோட்டார் 600 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 வோல்ட்டில் அது 33 ஆம்பியர். 2 ஏ.ஹெச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்குள் ஒரே ஒரு வரிசை செல் என்றால் ஒவ்வொரு செல்லும் அந்த 33 ஆம்பியரையும் தனியே சுமக்க வேண்டும். 4 அல்லது 5 ஏ.ஹெச். பேட்டரியில் வழக்கமாக இரண்டு வரிசை இருக்கும், ஆளுக்குப் பாதி. ஆகவே பெரிய பேட்டரி கூடுதல் நேரம் ஓடுவதற்கு மட்டுமல்ல, முக்குவதற்கும் தேவை. குட்டி பேட்டரியோடு வைரம் பாய்ந்த புளியைத் தொட்டால் வோல்ட் சட்டென்று இறங்கும், உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் கதவைச் சாத்திவிடும். கையை எடுத்தால் வோல்ட் மேலே ஏறும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். இது பழுதே இல்லை. அந்த ரம்பத்துக்கு அந்த மரம் தகாது, அவ்வளவுதான்.

நம்ம ஊர் மரங்களில் முருங்கை, பூவரசு, பச்சை வேம்பு, வாகைக் கொப்பு எல்லாம் குட்டி ரம்பத்துக்கு அடங்கும். காய்ந்த உடை, சீமைக்கருவேலம், புளி, கொடுக்காப்புளி வேர்க்கட்டை இவை 36, 40 வோல்ட் ரம்பத்துக்கே வேலை வைக்கும். கருவேலத்தை வெட்டிய வாரத்திலேயே, ஈரம் இருக்கும்போதே விறகுத் துண்டு போட்டுவிடுங்கள். காய்ந்தபின் பிளக்கலாம், அறுப்பதற்குத்தான் பச்சை நல்லது.

கடைசியாக அழுத்தம். அரிவாளோடு பழகிய கை ரம்பத்தையும் அமுக்குகிறது. கூரான செயின் தன் எடையிலேயே இறங்கும். அமுக்கினால்தான் இறங்குகிறது என்றால் மறுபடியும் பல்லைத்தான் பார்க்க வேண்டும்.

"வெட்டுது, ஆனா மாவு மாதிரி விழுது"

கூரான பல் மரத்தைச் சீவி எறியும், கையில் அள்ளினால் செதில் செதிலாக இருக்கும். மழுங்கிய பல் தேய்க்கும், அப்போது மாவு விழும். நன்றாகக் காய்ந்த கடினமான மரத்தில் கூரான செயினே கொஞ்சம் பொடியாகத்தான் தள்ளும். அதனால் சந்தேகம் வந்தால் பச்சை வேப்பங்கொப்பு ஒன்றில் வெட்டிப் பாருங்கள். அதிலும் மாவு என்றால் அரம் எடுக்க வேண்டியதுதான்.

மழுங்குவதற்கு மரத்தை விட மண்தான் பெரிய காரணம். விறகைத் தரையில் போட்டு அறுத்து, கடைசி நூலிழையில் செயின் மண்ணைத் தொட்டால் போதும், ஒரே தொடலில் கூர் போய்விடும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் என்றால் கேட்கவே வேண்டாம். அடியில் இரண்டு கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். முடியவில்லை என்றால் முக்கால்வாசி அறுத்து, தடியைப் புரட்டி, மீதியை மேலிருந்து அறுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் சாய்ந்த மரங்களை அறுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பட்டை இடுக்கெல்லாம் வண்டல் ஏறியிருந்த மரங்கள் அவை. அப்படிப்பட்ட தடியில் அறுக்கும் இடத்தை மட்டுமாவது அரிவாளால் பட்டை சீவிவிட்டு ரம்பத்தை வைக்க வேண்டும்.

வீட்டு மரத்துக்குள் இரும்பும் இருக்கும். துணிக்கொடி கட்டிய ஆணி, பந்தல் போட்ட கம்பி, மாட்டைக் கட்டிய வளையம் என்று பத்து வருஷத்தில் மரம் விழுங்கிவிட்டது எத்தனையோ. வேம்பில் தரையிலிருந்து ஆள் உயரம் வரை நிதானமாகப் பார்த்து அறுங்கள்.

பனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேம்பு, புளி மாதிரி மரங்களுக்கு வைரம் நடுவில், பனைக்கு வெளியில். கருத்த நாரும் சிராயும் நெருக்கமாக அடர்ந்த ஓடு, நடுவில் மெத்தென்ற சோறு. ஓட்டை வெட்டுகையில் பல் போகும், சோற்றுக்கு வந்ததும் நார் சுருண்டு செயின் மூடிக்குள் அடையும். குட்டி ரம்பத்தில் பனையைத் தொடவே வேண்டாம். பெரிய ரம்பத்திலும் அரை வெட்டுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி நாரை எடுக்க நேரும். இன்னொன்று, நிற்கும் பனையை வெட்டுவதாக இருந்தால் ரம்பத்துக்கு முன் அனுமதி வேண்டும். பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்தது. காற்றில் விழுந்த பனையைத் துண்டு போடுவதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

கூர் போடுவதற்கு வருவோம். தச்சர் கைவாளுக்குப் போடும் முக்கோண அரம் இதற்கு ஆகாது. உருட்டு அரம் வேண்டும், அதுவும் செயினுக்கு ஏற்ற தடிமனில். பேட்டரி ரம்பங்களில் அதிகம் வரும், 3/8 லோ புரொஃபைல் என்று எழுதியிருக்கும் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம். .325 என்றிருந்தால் 4.8 மில்லிமீட்டர். எண் பாரின் மேலோ பெட்டியிலோ இருக்கும்.

பாரை ஒரு மரக்கட்டையில் ஆப்பு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். அரத்தைப் பல்லின் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். திரும்ப வரும்போது உராய வேண்டாம், தூக்கி எடுங்கள். பெரும்பாலான செயின்களில் பல்லின் மேல்தட்டிலேயே சாய்கோடு ஒன்று போட்டிருப்பார்கள், அந்தக் கோட்டுக்கு இணையாகப் போனால் கோணம் சரியாக இருக்கும். பொதுவாக 30 டிகிரி. அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரிய வேண்டும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றே. ஒரு பக்கத்துப் பற்களை எல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் திரும்புங்கள். ஒன்றிரண்டு பேட்டரி தீர்ந்ததும் இப்படி ஒருமுறை தள்ளிவிட்டால் செயின் கெட்டுப்போகிற நிலைக்கே வராது.

ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டை மேடு நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளந்து விடுவது அதுதான். பல்லைத் தேய்க்கத் தேய்க்கப் பல் தாழும், மேடு அப்படியே நிற்கும். அப்புறம் எவ்வளவு கூர் போட்டாலும் கடிக்காது. நாலைந்து தடவை கூர் போட்ட பிறகு அந்த மேட்டைப் பட்டை அரத்தால் லேசாகத் தட்டி இறக்க வேண்டும். பல்லுக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். ஆசைப்பட்டு அதிகமாக இறக்கினால் ரம்பம் மரத்தைக் கவ்விக்கொண்டு உதறும், அந்த நேரத்தில் பேட்டரியும் கட் ஆகும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் செயினைக் கொடுக்காதீர்கள். கத்தி அரிவாளுக்கு அவர் கை சுத்தம்தான், குறையே சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சின்னப் பல் சக்கரத்தில் நொடியில் நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்த பல்லில் உரம் போய்விட்டது, அடுத்த வெட்டிலேயே மழுங்கும்.

"புகை வருது, கருகுன வாடை"

விசையை விட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செயினின் திசையைப் பாருங்கள். பாரின் மேல்பக்கம் ஓடும் பற்களின் கூர்முகம் முனையைப் பார்க்க வேண்டும். புதுச் செயின் மாட்டிய அன்றைக்கே புகை என்றால் திருப்பி மாட்டியிருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அப்படி ஓடினால் மரம் கறுக்கும், வெட்டு இறங்காது.

திசை சரி என்றால் எண்ணெய்.

"எண்ணெய் வரல", அப்புறம் "எண்ணெய் ஒழுகுது"

ஒரு வெள்ளை அட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் முனையைப் பிடித்து ஓட்டுங்கள். அட்டையில் கோடு மாதிரி எண்ணெய் தெறித்தால் வருகிறது. தெறிக்கவில்லை என்றால் பேட்டரியை எடுத்து, மூடியைத் திறந்து, பாரைக் கழற்றுங்கள். பாரின் அடியில் சின்னத் துவாரம் இருக்கும். அதில் தூள் அடைத்திருக்கும், குண்டூசியால் குத்திவிட்டால் போகும். காடியையும் பழைய ஹாக்ஸா பிளேடு துண்டால் வழித்துவிடுங்கள். பாரைத் திரும்ப மாட்டும்போது மேல் கீழாகப் புரட்டி மாட்டினால் இரண்டு விளிம்பும் ஒரே சீராகத் தேயும்.

குட்டி ரம்பங்கள் பலவற்றில் எண்ணெய் தானாக வராது. அமுக்குகிற குமிழ் இருக்கும், சிலதில் அதுவும் கிடையாது. நாலைந்து வெட்டுக்கு ஒருமுறை நாமே சொட்டு விட வேண்டும்.

என்ன எண்ணெய்? செயினுக்கென்றே விற்கும் பார் ஆயில்தான் சரி, பிசுபிசுப்பு அதிகம், சுழலும்போது தெறித்துப் போகாது. கிடைக்காத ஊரில் புது என்ஜின் ஆயில் போட்டு ஓட்டலாம். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில் வேண்டாம், அதில் இரும்புத் துகள் உண்டு, பம்பையும் பாரையும் அரித்துவிடும், கிணற்றடியிலும் தோட்டத்திலும் தெறித்து மண்ணுக்கும் கேடு. தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு. வெயில் காலத்தில் ஓடும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் காலையில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ரம்பத்தை எடுத்தால் டப்பாவுக்குள் வெள்ளையாக நிற்கும், பம்பு வெறும் காற்றை இழுக்கும். எந்தத் தாவர எண்ணெயும் நாள்பட நின்றால் பிசினாகும், வேலை முடிந்ததும் டப்பாவைக் காலி செய்துவிட வேண்டும்.

வைத்த இடத்தில் எண்ணெய் ஒழுகுவது பலருக்குப் பயம் தருகிறது. பாரிலும் செயினிலும் ஒட்டியிருப்பது வடிந்து ஒரு வட்டம் போடுவது இயல்பு. டப்பா முழுக்கக் காலியாகிற அளவுக்கு ஒழுகினால்தான் மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்தாலும் ஒழுகும்.

"செயின் கழண்டுக்கிட்டே இருக்கு"

புதுச் செயின் நீளும். மாட்டிய முதல் சில நிமிடங்களில் இரண்டு மூன்று தரம் இறுக்க வேண்டியிருக்கும். ஆனால் சூடாக இருக்கும்போது இறுக்கிவிட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். ஆறும்போது செயின் சுருங்கும், மோட்டார் தண்டையும் பாரையும் இழுத்துப் பிடிக்கும். வேலை முடிந்ததும் ஒரு சுற்றுத் தளர்த்தி வையுங்கள்.

இறுக்கிய பிறகும் கழன்றால் வேறு அளவுச் செயின் மாட்டியிருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: கண்ணிகளின் இடைவெளி, காடியில் இறங்கும் அடிக்கண்ணியின் தடிமன், அடிக்கண்ணிகளின் எண்ணிக்கை. "12 இஞ்ச் செயின்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் மூன்றில் ஒன்று தவறலாம். பழைய செயினைக் கையோடு கொண்டு போய் எண்ணிப் பார்த்து வாங்குவதுதான் சுலபம்.

தென்னை மட்டை, வேலிப் புதரில் உள்ள சுள்ளி இவையும் செயினைக் கழற்றிவிடும். மெல்லிய குச்சி செயினோடு சேர்ந்து மூடிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். விரல் தடிமன் சுள்ளிக்கு அரிவாள் போதும், ரம்பம் எதற்கு?

"நேரா வச்சாலும் வெட்டு கோணலாப் போகுது"

ஒரு பக்கத்துப் பல் நீளம், மறுபக்கத்துப் பல் குட்டை. நீளமான பக்கத்துக்கு வெட்டு வளையும். வலது கைக்காரர்கள் ஒரு பக்கத்தை நன்றாகத் தேய்ப்பார்கள், மறுபக்கத்தில் கை வாகாக வராது. மிகக் குட்டையான பல்லை அளவாக வைத்து மற்றவற்றை அந்த நீளத்துக்குக் கொண்டு வர வேண்டும். செயின் புதியதாக இருந்தும் வளைந்தால் பாரின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். தட்டையான இடத்தில் பாரை நிறுத்திப் பாருங்கள், ஒருக்களித்து விழுந்தால் அதுதான்.

"ரம்பம் மரத்துக்குள்ள மாட்டிக்கிச்சு"

இது ரம்பத்தின் கோளாறு அல்ல, தடி படுத்திருக்கும் விதம். இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடு தொங்கினால் மேல்பக்கம் நெருக்கும். அப்போது மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு நேர்மாறு, முதலில் கீழிருந்து கொஞ்சம், பிறகு மேலிருந்து.

மாட்டிவிட்டால் இழுத்துப் பிடுங்காதீர்கள். விசையை விடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். தடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, அல்லது வெட்டுக்குள் மர ஆப்பு அடித்து, வாயைத் திறந்து எடுங்கள். இரும்பு ஆப்பு மட்டும் வேண்டாம், செயின் அதில் பட்டால் கதை முடிந்தது.

"மூஞ்சியப் பார்த்துத் துள்ளுது"

பாரின் முனையில் மேல்பாதி ஏதாவது ஒன்றில் பட்டால் ரம்பம் பின்னோக்கி எகிறும். கண் இமைப்பதற்குள் நடப்பது, கையால் தடுக்க முடியாது. முனையால் குத்தி அறுக்காதீர்கள். வெட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு கொப்பு முனையைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது இரண்டும் கூடாது. குட்டி ரம்பக்காரர்களுக்கு இன்னொன்று. ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுப்பதுதான் விரல் போகிற வழி. பிடிக்கிற கை பாரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். கொப்பு மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் எதையும் செய்ய வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

"சார்ஜ் ஏறல, சார்ஜர்ல வேற விளக்கு எரியுது"

சித்திரை வெயிலில் மத்தியானம் வரை விறகு போட்டுவிட்டு, சூடு ஆறாமல் பேட்டரியைச் சார்ஜரில் சொருகினால் ஏறாது. லித்தியம் செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பது பொதுவான வரம்பு. பாளையங்கோட்டையில் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும் நாட்களில், வேலை செய்து வந்த பேட்டரி அதைத் தாண்டித்தான் இருக்கும். சார்ஜர் தெரிந்துதான் மறுக்கிறது. நிழலில், சிமென்ட் தரையில் அரை மணி நேரம் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். வண்டிப் பெட்டியிலும் காரின் பின்கண்ணாடி ஓரத்திலும் பேட்டரியை விட்டுவிட்டு ஊருக்குள் சுற்றுவதும் இதே வகைதான், கெடுவது இன்னும் வேகம்.

ஆறிய பிறகும் ஏறவில்லை என்றால் சார்ஜரின் விளக்கு என்ன சொல்கிறது என்று கையேட்டில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். வேறு பேட்டரி இருந்தால் அதைச் சொருகிப் பார்ப்பது சுருக்கு வழி. அதுவும் ஏறவில்லை என்றால் சார்ஜர், அது ஏறினால் பேட்டரி.

மாதக்கணக்கில் காலியாகவே கிடந்த பேட்டரியும் ஏறாது. செல் ஒன்று 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் சர்க்யூட் பூட்டிவிடும். இன்னொரு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து "உசுப்பி" எழுப்பும் வித்தை வீடியோக்களில் வலம் வருகிறது. அதைச் செய்யாதீர்கள். அப்படி விழுந்த செல்லுக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கலாம், சார்ஜ் ஏறும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

"ஒரு மரம் முடியல, அதுக்குள்ள தீர்ந்துருது"

எவ்வளவு ஓட வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள். 36 வோல்ட்டை 4 ஏ.ஹெச்.சால் பெருக்கினால் 144 வாட் அவர். அறுக்கும்போது மோட்டார் 1200 வாட் இழுத்தால் விடாமல் அறுக்க ஏழு நிமிடம். இடையில் தடி புரட்டுவது, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலையாக நீளும். 18 வோல்ட் 2 ஏ.ஹெச். என்றால் வெறும் 36 வாட் அவர். விளம்பரத்தில் சொன்ன மணிக்கணக்கு சும்மா சுற்றுவதற்கான கணக்கு. நாள் முழுக்க விறகு போட வேண்டிய தொழில்காரருக்கு இன்னும் பெட்ரோல் ரம்பம்தான் தோது என்பது என் எண்ணம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இரண்டு பேட்டரி வைத்து மாற்றி மாற்றி ஓட்டினால் இது போதும்.

முன்பு ஓடியதில் பாதிதான் இப்போது ஓடுகிறது என்றால், கூரான செயினோடு ஒருமுறை, பச்சை மரத்தில் ஒருமுறை சோதியுங்கள். அப்போதும் பாதி என்றால் செல் தேய்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் முழு சார்ஜிலோ முழுக் காலியாகவோ வைக்காமல் பாதி சார்ஜில், ரம்பத்திலிருந்து கழற்றி, அடுப்படிக்கும் ஓட்டுக்கூரைக்கும் தள்ளி வையுங்கள். குற்றாலச் சாரலில் நனைந்த ரம்பத்தையும் அப்படியே பெட்டியில் போடாமல், பேட்டரியைக் கழற்றிக் காற்றாட வைத்துக் காய்ந்த பிறகு போடுங்கள்.

செத்த பேட்டரியைக் குப்பையோடு போட்டுத் தீ வைக்கிற பழக்கம் இருந்தால் இதோடு விடுங்கள், வெடிக்கும். பழைய இரும்புக்காரரிடம் போடுவதும் வேண்டாம், அவர் உடைத்துப் பார்ப்பார். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தீர்ந்த பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கிய கடையில் கேளுங்கள். கொடுக்கும் வரை முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மண் சட்டிக்குள் வைத்து, திண்ணைக்கு வெளியே வெயில் படாத இடத்தில் விடுங்கள்.